கோல் கம்பங்களுக்கு நடுவில் கத்தரிக்காய்

முதலில் மார்ச் பத்தொன்பது என்றார்கள்,
நாமக்கல்லோடு முதல் ஆட்டம்.
பிறகு ஏப்ரல் கடைசி.
பிறகு ஜூனில் ஏதோ ஒரு திங்கட்கிழமை.
பிறகு தேதி இருந்த இடத்தில்
சின்னதாக ஒரு கோடு.

ஒன்றாம் நம்பர் ஜெர்சியை
போடாமலே மூன்று முறை துவைத்துவிட்டேன்.

வசந்தகோகிலம் மேடம் குரூப்பில்
தினமும் ஐந்தரைக்கு எழுதுவார்:
இருநூறு ஸ்கிப்பிங், நாற்பது தண்டால்,
மொட்டை மாடியில் இருபது சுற்று.
மொட்டை மாடி இல்லாத ஆறு பேரும்
கட்டைவிரலை உயர்த்திக் காட்டினோம்.
ஆகஸ்டில் பதினேழு நாள் ஒன்றும் வரவில்லை.
பதினெட்டாம் நாள் ஒரே வரி:
"மூச்சு இருக்கு. மேட்ச் இல்லை."
அதற்கு எந்தப் படம் போடுவதென்று தெரியாமல்
யாரும் எதையும் போடவில்லை.

ஸ்டாப்பர் பெர்னதெத் ஏற்காட்டில் மாட்டிக்கொண்டாள்.
மலைக்கு பஸ் இல்லை.
சிக்னல் தேடி பதினெட்டாம் வளைவு வரை நடந்து வந்து கூப்பிடுவாள்,
பின்னால் குரங்குகள் சண்டை போடும்.
காப்பிக்கொட்டை காயும் களத்துச் சுவரில்
தனியாக உதைக்கிறாளாம்.
"தப்பா அடிச்சா பந்து உருண்டு சேலத்துக்கே வந்துரும்டி,
புடிச்சு வை."

புடிக்க வேண்டிய கை
பனங்காட்டில் ஒரு பட்டறையில்
கொலுசுக்குச் சலங்கை மாட்டிக்கொண்டிருக்கிறது.
ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி.
பந்து தொடும் காலில் இது கூடாதென்று
முதல் வருடம் மேடம் எல்லோரிடமும் கழற்றி வாங்கி
பிஸ்கட் டப்பாவில் போட்டார்.
டப்பா இன்னும் அவர் பீரோவில்தான் இருக்கிறது.

இடையில் இம்ரானாவுக்குக் கல்யாணம் வைத்துவிட்டார்கள்.
ஐம்பது பேருக்கு மேல் ஆகாது,
டீமுக்கு நாலு இடம் என்றாள்.
யார் அந்த நாலு என்று
கேப்டன் குணவதி வீடியோவில் டாஸ் போட்டாள்.
அந்த வருடம் நாங்கள் போட்ட ஒரே டாஸ்.
நான் பூ கேட்டேன், தலை விழுந்தது.

அரியர் எல்லாம் பாஸ் என்று சொன்ன அன்று
எங்கள் தெருவில் ஒருவன் சரவெடி கொளுத்தினான்.
கடைசி வருடத்துக்கு மட்டும் பரீட்சை உண்டு,
முடித்தால் கல்லூரி இல்லை,
கல்லூரி இல்லாமல் டீம் ஏது?
எழுதாத பேப்பருக்கு மார்க் போட முடிகிறது.
ஆடாத ஆட்டத்துக்கு என்ன போடுவார்கள்?
பூஜ்யத்துக்குப் பூஜ்யம் என்றாவது
எங்காவது ஒரு நோட்டில் எழுதிவைத்தால் தேவலை.

மார்க்கெட்டை எங்கள் கிரவுண்டுக்கு மாற்றியிருந்தார்கள்.
வெங்காயம் வாங்கப் போனேன்.
மேற்கு கோல் கம்பத்தில் நீலத் தார்ப்பாய்.
அதன் அடியில் மேச்சேரிக்காரர் ஒருவர்
கத்தரிக்காயைக் குவித்து உட்கார்ந்திருந்தார்.
எங்கள் கோடுகள் அழிந்து
ஆறடிக்கு ஒரு சுண்ணாம்பு வட்டம்.
வரிசை நகர்ந்து நகர்ந்து
நான் வந்து நின்றது பெனால்டி புள்ளி.

இந்தப் பக்கமிருந்து பார்த்ததே இல்லை.
இவ்வளவு பெரிய வாயா?
இதையா மூன்று வருடம்
ஒருத்தியாக மூடிக்கொண்டு நின்றேன்?

லாரியிலிருந்து முட்டைக்கோஸ் இறக்கினார்கள்.
ஒன்று நழுவியது.
யோசிப்பதற்குள் இடப்பக்கம் சரிந்திருந்தேன்.
நெஞ்சோடு கோஸ், முழங்கையில் மண்,
ஒரு காதில் தொங்கும் மாஸ்க்.

"யம்மா, கை வெக்காத! கீழ போடு!"

இந்தக் கட்டத்துக்குள் கை வைக்க
எனக்கு மட்டும்தாங்க உரிமை,
என்று சொல்லியிருக்கலாம்.
கோஸை மெதுவாக வைத்தேன்.
யாரோ சானிடைசரை நீட்டினார்கள்.
உரசிய முழங்கையில் பட்டு அது எரிந்தது,
நல்ல எரிச்சல்,
ஏழு மாதமாக இல்லாதது.

சாயங்காலம் பெர்னதெத் கூப்பிட்டாள்.
எல்லாவற்றையும் சொன்னேன், லாரி, கோஸ், மேச்சேரிக்காரர்.
அந்தப் பக்கம் சத்தமே இல்லை.
சிரிக்கிறாளா,
சிக்னல் போய்விட்டதா,
தெரியவில்லை.
லைனிலேயே இருந்தேன்.