ஒன்றரைப் பேர்

வீட்டு ஒதுக்கீட்டு அலுவலகப் படிவத்தில்
குடியிருப்போர் எண்ணிக்கை என்ற கட்டத்துக்குள்
ஷரோல்தா ஒன்றரை என்று எழுதிவிட்டாள்.
எழுத்தர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி
முழு எண் வேண்டும், தோழர், என்றாராம்.
கணவன் கெல்லேர்ட் டான்யூபில் நிலக்கரிப் படகு ஓட்டுகிறவன்.
எத்தனை நாள் வீட்டில், எத்தனை நாள் தண்ணீரில்
என்று அவனுக்கே தெரியாது.

தீஸா ஆற்றைப் பார்த்த இந்த இரண்டாம் மாடியில்
முழு எண்களோடு எங்களுக்கு அதிகப் பழக்கம் இல்லை.

வடிதாளை நீளமாக வெட்டு.
தாங்கல் கரைசலில் தோய்த்து, ஒற்றி எடு.
பென்சில் கோட்டின் மேல் ஒரு பொட்டு ஏடிபி,
பக்கத்தில் ஒரு பொட்டு அடினோசின்.
மண்ணெண்ணெய் நாற்றம் அடிக்கும் குளிர்த்தொட்டியில் இறக்கி
மூடியைப் பூட்டு. இரண்டாயிரம் வோல்ட்.
கைகள் சட்டைப்பைக்குள் இருக்க வேண்டும் என்பது விதி.
தெஷோவின் இடது கட்டைவிரலில்
அந்த விதி எழுதியிருக்கிறது.

ஏடிபிக்கு எதிர்ச்சுமை நான்கு;
நேர்முனையைக் கண்டால் நிற்காது.
அடினோசினுக்குச் சுமையே இல்லை, ஓடவும் மனமில்லை,
ஆனால் தாளுக்குள் ஊரும் ஈரம்
அதைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு போகும்.
அந்தக் கொஞ்சத்தையும் அளந்து கூட்ட வேண்டும்.
எதிர்நீச்சல் போடுகிறவனை அளக்கிறவன்
ஆற்றையும் அளக்கத்தான் வேண்டும்.

அடுத்த தாளுக்குக் கரைசலில் மெக்னீசியம், துளியளவு.
அதற்கடுத்ததற்கு இன்னும் கொஞ்சம்.
இரட்டை நேர்ச்சுமையோடு அது வந்து
பாஸ்பேட் வாலைப் பற்றிக்கொள்ள
ஏடிபியின் ஓட்டம் தளர்கிறது.

இருட்டறை. புற ஊதா விளக்கு.
தாள் மங்கிய நீலமாக மினுங்க
பொட்டுகள் மட்டும் கறுப்பு.
சேர்ந்த புதிதில் நான் இரண்டு பொட்டுகளைத் தேடினேன்:
மெக்னீசியம் பிடித்தது முன்பின்னாக ஒன்று, பிடிக்காதது ஒன்று.
ஒன்றுதான் இருந்தது.
விநாடிக்கு ஆயிரம் தடவை
பிடிப்பதும் விடுவதுமாக இருப்பவற்றை
யாராலும் இரண்டு வரிசையில் நிறுத்த முடியாது.
பொட்டு நிற்கும் இடம்
சேர்ந்திருந்த நேரத்துக்கும் தனித்திருந்த நேரத்துக்கும் நடுவில்
எங்கோ ஓர் இடம்.
வேகம் சரிபாதி குறைந்த இடத்துச் செறிவுதான்
நாங்கள் தேடும் எண்.

பிப்ரவரியில் எண் வர மறுத்தது.
மெக்னீசியமே இல்லாத தாளிலும்
ஏடிபி ஏற்கெனவே களைத்தே ஓடியது.
தண்ணீரை மாற்றினோம். பாட்டில்களை அமிலத்தில் ஊறவைத்தோம்.
வோல்ட்மானியைத் தெஷோ கெட்ட வார்த்தையில் திட்டினான்.
மூன்று வாரம்.
கடைசியில் ஷரோல்தா, யாரிடமும் சொல்லாமல்,
பொட்டு வைக்காத வெறுந்தாள்களை ஒரு கட்டாக எரித்து
சாம்பலைக் கரைத்து ஆக்சலேட் விட்டாள்.
வெள்ளையாகக் கலங்கியது.
கால்சியம்.
ஆலையிலிருந்து வரும்போதே தாள் வைத்திருந்தது.
ஏழு மாதமாக நாங்கள் சுழியம் என்று எழுதிய இடத்தில்
வேறொருத்தி குடியிருந்திருக்கிறாள்.

தாள்களை இரண்டு நாள் கழுவினோம்.
நடைவழியில் கயிறு கட்டி, துணிக்கவ்வி போட்டுக் காயவிட்டோம்.
ஆறு உறைந்து வேலையில்லாமல் வந்த கெல்லேர்ட்
அதன் அடியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்,
காதுமடலில் கரியோடு,
எதையும் தொட்டுவிடக் கூடாதென்று கைகளை மடியில் வைத்துக்கொண்டு.
தொப்பியில் சொட்டியதைக்கூடத் துடைக்கவில்லை.
உள்ளிருந்து ஷரோல்தா, இன்னும் நாலு நிமிடம், என்றாள்.

அன்றைய வெறும் ஓட்டத்தில்
ஏடிபி பதினோரு மில்லிமீட்டர் கூடுதலாகப் போயிருந்தது.
அதுவும் சுத்தமான சுழியம் இல்லை, என்றான் தெஷோ,
தாங்கல் கரைசலின் சோடியமும் லேசாகக் கைவைக்கும்.
என்ன செய்வது?
எண்ணுக்குப் பக்கத்தில் நிபந்தனையை எழுது:
இன்ன கரைசல், இன்ன செறிவு, இத்தனை டிகிரி.

மார்ச்சில் படிவம் திரும்பி வந்தது,
கட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டத்தோடு.
அவள் ஒன்றரையை அடித்து இரண்டு என்று எழுதினாள்.
பிறகு ஓரத்தில், அளவுகோலை வைத்துக் கோடு இழுத்து,
பொடி எழுத்தில்:
ஆறு உறைந்திருக்கும்போது.