பயன்பாடு தெரியவில்லை

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவேன்,
படிக்கட்டடியில் மீட்டரை மட்டும் பார்த்துவிட்டுப் போவேன்.
செங்கோட்டையில், சங்குச் சின்னம் வைத்த பழைய வளைவுக்கு
நாலு தெரு தள்ளி,
டயர்க் கடையின் மாடி.
போர்டில்: பழம்பொருள் காட்சி, கட்டணம் பத்து ரூபாய்.
கட்டணம் என்று எழுதியதால்
எங்கள் கணக்கில் அது வணிக இணைப்பு.
அதற்காகப் பீர்மைதீன் மூன்று வருடமாக
என்னோடு சண்டை போடுகிறார்.

இன்று சாரல் பிடித்துக்கொண்டது.
குடை அலுவலகத்தில்.
"மேல வாங்க மேடம், உங்களுக்கு ஃப்ரீ."
பத்து ரூபாயை மேசையில் வைத்துவிட்டுத்தான் நுழைந்தேன்.

வால்வு ரேடியோ. அதற்கு லைசென்ஸ் புத்தகம்,
வருடத்துக்கு ஒன்றாக ஒட்டிய வில்லைகள்.
சோப்பு டப்பாவில் திருவிதாங்கூர்ச் சக்கரம் ஏழு.
ஒரு காது போன பித்தளை அடுக்குச் சட்டி.
மலையாளத்தில் அச்சடித்த ரேஷன் கார்டில்
தமிழில் எழுதிய குடும்பம்:
தலைவர், மனைவி, பெண் நாலு வயது,
பெண் இரண்டு வயது,
மையால் அடித்துவிட்ட இன்னொரு பெயர்.
பேக்லைட் சுவிட்சு ஒன்றைப் போட்டுப் பார்த்தேன்,
தொழில் பழக்கம்.
டக்கென்று ஒரு சத்தம்.
இப்போது வருகிற சுவிட்சுகளில் அது கிடையாது.

ஜன்னலோரம், கண்ணாடிக்குள்,
பழுப்பேறிய காடாத் துணி.
இடுப்பைச் சுற்றி வருகிற நீளம்.
நெட்டுக்குத்தாகப் பதினொரு குழாய்ப் பை,
ஒவ்வொரு வாயிலும் நாடா.
பீர்மைதீனின் குண்டு எழுத்து:
அரைக்கச்சை. 1960-கள். பயன்பாடு தெரியவில்லை.

"செக்போஸ்ட் ஏலத்துல மொத்தமா எடுத்தது மேடம்.
தோட்டாப் பைன்னு ஒருத்தர் சொன்னாரு.
இடுப்பு வலிக்கு மணல் ஒத்தடம்னு ஒரு டாக்டரு."

பைக்கு அரைப்படி. பதினொன்றுக்கு ஐந்தரை.
மேலே சேலையை இறக்கிக் கட்டினால் ஏழு மாதம்.
காலை வண்டியில் ஏறி, குகை தாண்டி
ஆரியங்காவில் இறங்கி,
மதிய வண்டிக்குள் பெற்றுவிட்டுத் திரும்பலாம்.
அம்மா சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்:
"உனக்கு முன்னாடி ஒரே வருசத்துல
நாப்பது பெத்தேன். எல்லாம் புழுங்கல்."

நாற்பதிலும் குழல்வாயை யாரும் நிறுத்தவில்லை.
நாற்பத்தொன்றில் நிறுத்தினார்கள்.
அன்றைக்கு அரிசி இல்லை.
புனலூர் ஆஸ்பத்திரிக்கு, என்றாள்.
"போன மாசமும் இதே வயிறுதான" என்றானாம் காவலன்.
மூட்டையைக் குத்தித் தானியம் எடுக்கும் குத்தூசி
அவன் கையில்.
(அதுவும் இங்கே இருக்கிறது, பக்கத்துப் பெட்டியில்.
அதன் பயன்பாடு சரியாக எழுதியிருக்கிறது.)
குத்தவில்லை. சேலைமேல் அழுத்தி வைத்துக்கொண்டு
அவள் முகத்தையே பார்த்தானாம்.
உள்ளேயிருந்து நான் உதைத்தேன்.
இரும்பு அவன் கையில் எகிறியது.
அடுத்த பெட்டிக்குப் போய்விட்டான்,
கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே.
வேட்டியா, காக்கியா என்று கேட்டால்
அம்மா ஒவ்வொரு தடவையும் ஒன்று சொல்வாள்.

"கொஞ்சம் வெளிய எடுங்க" என்றேன்.
தையலைத் திருப்பிப் பார்த்தேன்.
அம்மாவுக்கு இடதுகைப் பழக்கம்,
அவள் போட்ட தையல் மறுபக்கம் சாயும்.
இது நேராக, நெருக்கமாக,
யாரோ பொறுமைசாலி போட்டது.
ஆறாவது பைக்கு மட்டும் பூப்போட்ட ஒட்டு,
சின்னப் பிள்ளைச் சட்டைத் துணி.
அம்மாவுடையது எங்கள் வீட்டில்
கரித்துணியாகித் தேய்ந்தே போனது.
ஏலத்துக்கு வந்ததென்றால்
இது பிடிபட்டவளுடையது.

"அரிசி" என்றேன்.
பீர்மைதீன் என்னைப் பார்த்தார், துணியைப் பார்த்தார்,
தன் வயிற்றில் ஒருமுறை கைவைத்துப் பார்த்தார்.
பிறகு பேனாவைத் தேடினார்.
"யாரு, எந்த ஊருன்னு ஏதும்..."
"தெரியாது."
அதையும் எழுதிக்கொண்டார்.

சாரல் விட்டிருந்தது.
கீழே வந்து அட்டையில் குறித்தேன்:
நூற்றுப் பன்னிரண்டு யூனிட்.
படியில் நின்றபடி கேட்டார்,
"இப்பவாச்சும் வீட்டு இணைப்புன்னு போடலாம்ல?"
போட முடியாது என்றேன்.