பல் ஆண்டு

மோர்க்கம் விரிகுடாவில்
கடல் விடியுமுன்பே எழுந்து போய்விட்டது.
கண்ணுக்கெட்டும் வரை சேறு.
சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு
முதியோர் இல்லத்தின் மணியை அழுத்துகிறேன்.
நான் செவ்வாய்க்கிழமைப் பல் டாக்டர்.

ஒன்பதாம் அறை. வினிஃப்ரெட், தொண்ணூற்று நான்கு.
இருபத்தொன்றில் கல்யாணம்.
அதற்கு முந்தின வாரம் அப்பா கொடுத்த சீதனம்
எல்லாப் பற்களையும் பிடுங்குகிற செலவு.
"மாப்பிள்ளைக்கு டாக்டர் பில் மிச்சம், பாருங்கள்."
எழுபத்து மூன்று வருடமாகப் பல்வலி கிடையாது.
அவள் சிரிப்பு தம்ளரில், தண்ணீருக்குள்.
கழுவிக் கொடுக்கிறேன்.
மூன்று நிமிடம்.

பதினொன்றாம் அறைக்கு
முழுக் காலையும் போதாது.
டெரெக் ஆல்ட்கிராஃப்ட், எண்பத்தொன்று.
பஸ் கம்பெனியில் கால அட்டவணை எழுதியவர்.
சொந்தப் பற்கள் இருபத்தாறு.
முகம் தெரியாத என் முன்னோடிகள்
உள்ளே நிறைய உழைத்திருக்கிறார்கள்:
கறுத்துப்போன பாதரச அடைப்புகள்,
ஒரு தங்க உறை, ஒரு பாலம்,
மனைவி இருந்தபோது போட்ட
டைட்டானியம் திருகாணி.
காப்பாற்றிக் காப்பாற்றி
இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறோம்.
ஈறு இறங்கி வேர் தெரிகிறது,
வேரில் சொத்தை.
தினம் ஒன்பது மாத்திரை;
எச்சில் இந்தக் கடலைப் போலவே உள்வாங்கிவிட்டது.

பிரஷ்ஷைக் கையில் கொடுத்தேன்.
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
பிறகு, மிகுந்த மரியாதையுடன்,
அதால் தலை வாரிக்கொண்டார்.

பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்போம்.
இவருக்குச் சொல்தான் முதலில் போனது.
பல் நிற்கிறது,
பஸ் நின்றுபோன தடத்தில்
வரிசை குலையாமல் காத்திருப்பவர்கள் மாதிரி.

நான் படித்தபோது ஒரு பேராசிரியர் பயமுறுத்தினார்:
சனங்களுக்கு நல்ல பல் வந்துவிட்டால்
நமக்கு வேலை போய்விடும்.
ஊருக்குள் என் கிளினிக்கில்
வாயைத் திறக்கிற பிள்ளைகளில் பாதிப்பேருக்கு
ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவதுதான் சிகிச்சை.
மற்றப் பாதி இன்னும்
காத்திருப்போர் பட்டியலில்.
அவர் ஓட்டைகளைத்தான் எண்ணினார்.
ஆண்டுகளை எண்ணவில்லை.

என் கல்யாண அட்டையில்
பல்லாண்டு வாழ்க என்று பொன்னெழுத்தில் இருந்தது.
இப்போது அதைப் பிரித்துத்தான் வாசிக்க வருகிறது:
பல்.
ஆண்டு.
இரண்டையும் சேர்த்துக் கேட்ட நாம்
தேய்த்துவிட யார் வருவார் என்று கேட்கவில்லை.

கோசியா வருகிறாள், இரவுப்பணி முடிந்த கண்ணோடு.
பதினெட்டுப் பேருக்கு இரண்டு பேர், டாக்டர்;
இவர் கடிப்பார் வேறு.
பின்னால் நின்று, தாடையை ஏந்தி,
கன்னத்தை விரலால் விலக்கி,
இப்படி, என்று காட்டப் போனேன்.
கடித்தார்.

கையுறைக்குள் விரல் வீங்கத் தொடங்கியது.
கோசியா சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றாள்.
டெரெக்கும் சிரித்தார், இருபத்தாறும் தெரிய.

குறிப்பேட்டில் எழுதினேன்:
கடி, மிக நன்று.
அடுத்த வருகை என்ற கட்டத்தில்
பேனா நிற்கிறது.
வருகிற செவ்வாய் நிரம்பிவிட்டது.
அதற்கடுத்ததும்.