வடகிழக்கில் ஒரு பாறை

பத்திரத்தில் பாறை இல்லை.
நாற்பதுக்கு அறுபது, கிழக்குப் பார்த்த மனை,
துரஹள்ளிக் காட்டுக்குப் பின்புறம்,
மேற்கே நான்கடி சரிவு, அவ்வளவுதான்.
உண்ணிப் புதரை வெட்டிய மறுநாள்
மூலையில் முதுகைக் காட்டிப் படுத்திருந்தது
எழுப்பினாலும் எழாத ஒருவரைப் போல.

'ரெண்டே குழி, ஒரே சத்தம்' என்றார் கான்ட்ராக்டர்.
ஈசானியத்தில் பாரம் ஆகாது என்றார் மாமனார்,
கைபேசித் திசைகாட்டியோடு
மூன்று முறை தானும் சுற்றி.

தேச்சம்மா செருப்பைக் கழற்றிவிட்டு
அதன் மேல் ஏறி உட்கார்ந்தாள்.
மழைத்தண்ணீர் இறங்கிய தடத்தை
விரலால் தேடிக்கொண்டே போனாள்.
'வீடு இதைச் சுற்றிக்கொள்ளும்' என்றாள்,
தன் கட்டணத்தைச் சொன்ன அதே குரலில்.

பிறகு ஒரு பிடி மண்ணை
ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுக் குலுக்கி வைத்தாள்.
காலையில் மணல் அடியில், வண்டல் நடுவில்,
களிமண் மேலே மெல்லிய சிவப்பாக.
கலங்கல் தெளியக் காத்திருப்பதற்கு
அதுவரை நான் யாருக்கும் பணம் கொடுத்ததில்லை.

தொட்டிக்கு வெட்டும் மண் சுவராகும் என்பது கணக்கு.
பன்னிரண்டடி, பத்தடி, ஆழம் ஒன்பது.
ராய்ச்சூரிலிருந்து வந்த ஹுலிகெம்மாவும் அவள் தம்பியும்
நெம்புகோலை இழுத்து அழுத்தி
ஆறாயிரம் கல் செய்தார்கள்.
குழி இறங்க இறங்க அடுக்கு உயர்ந்தது.
ஈரச்சாக்குக்குக் கீழே இருபத்தெட்டு நாள்
என் வீடு மூச்சுவிடாமல் கிடந்தது.
சமையலறைச் சுவரில் மூன்றாம் வரிசைக் கல்லொன்றில்
நீல பிளாஸ்டிக் துணுக்கு இருக்கிறது,
ஷாம்பு மூடியாக இருக்கலாம்.
பெங்களூரு மண் என்றால் அதுவும் சேர்த்துத்தான்.

வங்கி மதிப்பீட்டாளர் சுவரை நகத்தால் சுரண்டினார்.
ஏழு சதம் சிமெண்ட் இருக்கிறது சார் என்றேன்.
படிவத்தில் மூன்று கட்டங்கள்.
பேனா பக்காவின் மேல் வட்டமிட்டு
நடுக்கட்டத்தில் இறங்கியது.
பதினோரு லட்சம் குறைந்தது.
மாடியில் ஓர் அறை
காற்றாகவே நின்றுவிட்டது.

வரைபடத்தில் படுக்கையறை தெற்கே இருந்தது.
ஹுலிகெம்மாவின் தார்ப்பாய்க் கொட்டகை
பாறையோடு ஒட்டி இருந்தது.
ஒரு டிசம்பர் காலை
தேச்சம்மா டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டாள்:
குளிரவில்லையா இங்கே?
'ராத்திரி பத்து வரைக்கும் கல்லு சூடா இருக்கும்,
பிள்ளையை அந்தப் பக்கம் போடுவேன்.'
வெப்பமானி வைத்தோ
மென்பொருளில் சூரியனைச் சுழற்றியோ
எங்களுக்குத் தெரியாதது.
அன்று மத்தியானமே
படுக்கையறை வடகிழக்குக்கு நகர்ந்தது.

கொட்டகை இருந்த இடம் அது
என்பதை அப்போது யாரும் சொல்லவில்லை.
நானும்தான்.
கொட்டகையை இரண்டு முறை தள்ளிப் போட்டாள்.
அப்புறம் தேவனஹள்ளியில் வேலை என்று
நெம்புகோலையும் பிள்ளையையும்
ஒரே டெம்போவில் ஏற்றிப் போனாள்.
கூரை போட்ட வீட்டை அவள் பார்க்கவில்லை.

இப்போது பாறையின் முதுகு வெயிலில்,
வயிறு எங்கள் அறையில்.
அவள் அடுப்புக் கரி
ஒரு முழ உயரத்துக்கு அதில் ஏறியிருக்கிறது.
கம்பி பிரஷ், அமிலம், எதற்கும் அசையவில்லை.
வருகிறவர்கள் தொட்டுப் பார்த்து
டெக்ஸ்ச்சர் பெயிண்டா என்கிறார்கள்.
ஆமாம் என்று ஒரு தடவை
சொல்லியும் இருக்கிறேன்.

ஜூனில் முதல் பெருமழை,
விரல் போன கோட்டிலேயே இறங்கித்
தொட்டியில் விழுந்தது.
மண் இருந்த இடத்தில் தண்ணீர்,
ஒன்றும் இல்லாத இடத்தில் மண்,
நடுவில் நாங்கள், ஒரு வாளியோடு.
பாறையும் சுவரும் சேரும் இடத்தில்
சொட்டுகிறது. ஒழுங்கானதில்லை எதுவும்.

ஜனவரியில் ஓர் இரவு மின்சாரம் போனது.
கரியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன்.
பத்து மணிக்குச் சூடு இருந்தது.
பத்தரைக்கு இல்லை.