பதினேழாம் எண், ஐந்தாம் இரவு

நெஞ்சில் ஒட்டும் பட்டை. ஏழு நாள் பேட்டரி.
என் கைப்பேசியில் ஒரு பச்சைக் கோடு.
காசிமேட்டில் மீன் பிரிக்கும் நாற்பது பெண்களுக்கு
நான்தான் ஒட்டினேன்.
ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கும்போது
"இன்னாம்மா, ஊசியா?" என்றார்கள் எல்லாரும்.

முதல் நான்கு இரவும் தேசம்மா
கோடாக வரவில்லை,
கிறுக்கலாக வந்தாள்.
இரண்டு மணிக்குப் படகு கரை சேரும்.
கூடை தூக்கினால் எகிறும்,
ஐஸ் கட்டியை மாரோடு அணைத்தால் அறுந்துபோகும்,
வியர்வையில் ஓரம் பெயர்ந்து உப்பு உள்ளே இறங்கும்.
மென்பொருள் அத்தனைக்கும் சாம்பல் பூசி
'நம்பத்தகாதது' என்று எழுதி வைத்தது.
நான் அதை அவளிடம் சொல்லியிருக்க வேண்டாம்:
"அக்கா, ஆடாம இருந்தா நல்லா வரும்."

ஐந்தாம் இரவு வந்தது பாருங்கள்,
ஒவ்வொரு முனையும் ஊசி,
தரம் தொண்ணூற்றெட்டு.
அலுவலகத்தில் திரையைத் திருப்பிக் காட்டினேன்,
டீ வாங்கித் தந்தார்கள்.
டீ ஆறுவதற்குள் கண்ணில் பட்டது:
துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே இடைவெளி
ஒன்றுபோல் ஒன்று இல்லை.
சின்ன மேடு இருக்கவேண்டிய இடத்தில்
வெறும் நடுக்கம்.
இரவு முழுக்க
ஒரு அடிகூட நடக்கவில்லை தேசம்மா.

ஜீவரத்தினம் நகர், இரண்டாம் மாடி.
"சோக்கா வந்துச்சா?
நீதான சொன்ன, ஆடக் கூடாதுன்னு.
நான் எங்கம்மா ஆடாம நிக்கறது?
அதான் எங்கூட்டுக்காரருக்கு ஒட்டி உட்டுட்டேன்.
அவுரு ஆட மாட்டாரு."

கட்டிலில் எட்டியப்பன்.
வலப்பக்கம் விழுந்து இரண்டு வருஷம்.
கண் மட்டும் என் பையைப் பின்தொடர்ந்தது.

விதிமுறை, பன்னிரண்டாம் பக்கம்:
ஆள் மாறியிருந்தால் பதிவை நீக்கவும்.
நீக்கினேன்.
அதற்கு முன் அச்செடுத்து
நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன்.
எட்டியப்பனுக்கு எங்கள் ஆய்வில் எண் கிடையாது.

மறுநாள் ஸ்டான்லி.
ஆட்டோவிலிருந்து இறக்கவே மூன்று பேர்,
சீட்டு வாங்க ஒன்றரை மணி நேரம்.
காகிதத்தை விரித்துப் பார்த்த டாக்டர்
இது எந்த மெஷின் என்றுகூடக் கேட்கவில்லை,
"இன்னொண்ணு எடுங்க" என்றார்.
கிளிப் மாட்ட வந்த பையன்
குனிந்தபடியே பழக்கத்தில் சொன்னான்:
"ஐயா, கொஞ்சம் ஆடாம படுங்க."

தேசம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்து
குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.
பட்டையைத் திரும்ப அவளுக்கே ஒட்டியிருந்தேன்.
சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது:
பதினேழு, காலை பதினொன்று நாற்பது,
சாம்பல்.