விலையிடுபவள்

விடியற்காலை நாலரை. அயோவாவில் பிப்ரவரி.
கடைக்குள் குளிர்பெட்டிகள் உறுமுகின்றன,
வேறு ஆள் இல்லை.
சீட்டு அடிக்கும் இயந்திரம் என் இடுப்பில்.
கோழி முட்டையிடும்.
நான் விலையிடுகிறேன்.

நேற்று நான்கு டாலர் பத்தொன்பது,
இன்று ஐந்து எண்பத்தொன்பது.
பழையதை உரிக்க நேரமில்லை, மேலேயே ஒட்டுவேன்.
ஒட்டி ஒட்டித் தடித்துவிட்டது
காய்த்துப்போன குதிகால் மாதிரி.
நகத்தால் கிளறிக்கொண்டே போனால்
அடியில் எங்கோ ஜூலை மாதம் இருக்கிறது:
ஒன்று தொண்ணூற்றொன்பது.

பெட்டி மட்டும் மாறவில்லை.
பெட்டிமேல் கோழி,
அதன் பின்னால் புல்வெளி, சிவப்புக் கொட்டகை,
கொண்டையில் கொஞ்சம் வெயில்.
வரைந்தவன் சிகாகோவில் பத்தொன்பதாம் மாடிக்காரன்.
ஒருமுறை வந்திருந்தான்,
கண்மட்டத்தில் அடுக்கச் சொன்னான்,
முழங்காலை மடக்கித் தானே நின்று பார்த்தான்,
போய்விட்டான்.
ஊர் ஊராகக் காய்ச்சல் வந்தபோது
அந்த ஒரு கோழிக்குத்தான் ஒன்றும் ஆகவில்லை.

எஃப்ராயின் வேலை பார்த்த கொட்டகையில்
எட்டு லட்சம்.
மூன்று நாளில் காலி.
வெள்ளை உடுப்பை அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டு
வீட்டுக்கு வந்தவன் அதைப்பற்றிப் பேசவில்லை.
ராத்திரி எழுந்து போய்
வெறும் துணி உலர்த்தியை ஓடவிட்டு
அதன் பக்கத்தில் தரையில் படுத்துக்கொண்டான்.
ஆறு வருஷச் சத்தம் இல்லாமல் தூக்கம் வராதாம்.
அந்த மாதம் அவன் சம்பளக் கணக்கில் முட்டை.
அதே மாதம்தான் முட்டை ஆறு தாண்டியது.

விலையை யார் சொல்கிறார்கள் என்று
மானேஜர் ஹூக்ஸ்ட்ராவைக் கேட்டேன்.
எங்கோ ஒரு மேஜை, ஒரு டெலிபோன்;
உன்னிடம் எத்தனை லோடு, என்ன கேட்கிறாய் என்று
நாலு பேரை விசாரித்து ஓர் எண்ணை எழுதுவார்களாம்.
என்னைக் கூப்பிட்டதில்லை.
எஃப்ராயினையும்தான்.
கோழியை எப்படிக் கூப்பிடுவது.

‘ஒருவருக்கு இரண்டு பெட்டி’,
பலகையில் நான்தான் எழுதினேன்.
கல்யாணக் கேக் சுடும் ஜோலீன் டிபோட்டர்
ஒரே காலையில் மூன்று தடவை வந்தாள்;
மூன்று தொப்பி, ஒரே மூக்கு.
மூன்று தடவையும் புதிதாகப் பார்ப்பதுபோல்
சௌக்கியமா என்றேன்.

ஈஸ்டர் முடிந்தது. விலை விழுந்தது.
இப்போது முட்டை இருக்கிறது, வாங்க ஆளில்லை;
ஜனங்கள் ஓட்ஸ் கஞ்சிக்குப் பழகிவிட்டார்கள்.
சங்கத்திலிருந்து பேனர் வந்தது:
‘காய் விட்டது போதும்,
முட்டையோடு பழம் விடுங்கள்!’
பேனரோடு ஒரு முட்டை வேஷம்,
வாசலில் நின்று கூப்பன் கொடுக்க
மணிக்குப் பதினாலு டாலருக்கு ஓர் ஆள்.
நான் கடந்து போகையில்
முட்டை என்னை ‘லோர்னா’ என்று கூப்பிட்டது.

பிள்ளைகள் கட்டிப்பிடித்தார்கள், போட்டோ எடுத்தார்கள்.
ஒருத்தன் வயிற்றில் குத்திவிட்டு ஓடினான்.
மதியம் எஃப்ராயின்
பால் வரிசைக்கு வந்து முதுகைத் திருப்பினான்.
ஜிப் அவன் கைக்கு எட்டாது.
விலை ஒட்டும் கையால் இறக்கினேன்.
தலைமயிர் ஒட்டிக்கிடக்க, நனைந்து,
கண்ணைச் சிமிட்டிக்கொண்டு
பாதி வெளியே வந்தான்.
ஆகஸ்டில் புதுக் குஞ்சுகள் வருமாம்,
கூப்பிடுவார்களாம்.
‘இன்றைக்கு எவ்வளவு?’ என்றான்.

சீட்டை வைத்து அழுத்தினேன்.
கனம் தாங்காமல் அத்தனை மாதமும் கழன்று
அவன் காலடியில் விழுந்தது.
குனிந்து எடுக்கப் பார்த்தான்.
முடியவில்லை,
இடுப்புக்குக் கீழே இன்னும் முட்டை.