தலைகீழ்க் கல்

தூரோ ஆற்றின் வடகரை.
ரோமர் விட்டுப்போன ஊரில் இப்போது ஆடுகள் மேய்கின்றன.
அங்கிருந்துதான் கல்லெடுத்து வந்தோம்.
பதினேழு மாட்டுவண்டி.
வழியில் போனவை
ஓர் அச்சு,
நொன்னிதோவின் இடக்கைச் சுண்டுவிரல்.

புதுக்கல் வெட்டத் தெரியாதவன் இல்லை அவன்.
வெட்டிய கல் சும்மா கிடக்கையில்
மலையை ஏன் நோகடிப்பது என்றான்.

சுண்ணாம்பு சுமப்பவள் நான், ஹிகொந்தா.
கல்லில் இருக்கும் எழுத்து எனக்கெதற்கு?
பள்ளமாக இருந்தால்
சாந்து நன்றாகப் பிடிக்கும். அவ்வளவுதான்.

வடக்குச் சுவரில்,
வளைவு எழும் இடத்துக்கு நேர் கீழே,
ஒரு கல் தலைகீழாக நின்றது.
அப்படி வைத்தால்தான் அளவு பொருந்தியது.
தியாக்கோன் அசுல்ஃபோ வந்தான்.
தலையைச் சாய்த்தான். இன்னும் சாய்த்தான்.
கடைசியில் சுவருக்கு முதுகைக் காட்டிக் குனிந்து
தன் கால்களுக்கு நடுவே பார்த்து வாசித்தான்.
ஆயர் கண்ணை மூடிக்கொண்டார்.

"வொகோனியா. தோல் பதனிடுகிறவன் மகள்.
நான்கு ஆண்டு, இரண்டு மாதம்,"
அதற்குமேல் நாட்கணக்கு.
அதை எங்கள் உளி கொத்திவிட்டிருந்தது.

சாந்து இன்னும் முழுதாக இறுகவில்லை.
நெம்பித் திருப்பிவிடலாமா என்று கேட்டேன்.
நொன்னிதோ அண்ணாந்து பார்த்தான்.
அந்தக் கல்மேல் ஒன்பது வரி,
அதன்மேல் லாடம்போல் உள்மடங்கி
எங்கள் வளைவு.
"அவள்தானே தாங்குகிறாள்" என்றான்.
கரணையைக் கழுவப் போய்விட்டான்.

மரச்சாரம் பிரித்த இரவு
வளைவுக்கு அடியில் வைக்கோல் பரப்பிப் படுத்தான்.
விழுந்தால் முதலில் என்மேல் விழட்டும்
என்பது கொத்தர்களின் பேச்சு.
விளக்கோடு போனேன்.
விழித்துத்தான் இருந்தான்,
கல்லோடு கல் உட்காரும் சத்தத்துக்குக் காது கொடுத்து.
எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.
வடக்குச் சுவரில் கை வைத்தேன்,
ஈரச் சில்லிப்பு.
கையை எடுக்க ஏனோ நேரமானது.

சன்னல்கள் சாண் அகலம்தான்.
துளையிட்ட கற்பலகை வழியே
சல்லடையில் சலித்த மாவுபோல் வெளிச்சம் இறங்கும்.
குளிர்காலத்தில் சூரியன் தாழும்போது,
பூசையின் நடுவே,
எதிர்ச்சுவர் வரை வந்து
அவள் பெயர்மேல் ஊரும்.

எங்களில் எவருக்கும் வாசிக்கத் தெரியாது.
ஆனாலும் பிள்ளைகள்
அந்தக் கல்லருகே வந்ததும்
காது தோளைத் தொடும்வரை
தலையைச் சாய்க்கிறார்கள்.

பக்தி என்று நினைத்து
ஆயருக்குப் பரம சந்தோஷம்.
நான் வாய் திறக்கவில்லை.